'ஐ அக்ரீ' அழுத்தியாச்சு, இனி வாயே திறக்க முடியாதா? – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைன் ஷாப்பிங், ஆப், சந்தா விஷயங்களில் உங்கள் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கவலைதான். டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸுக்கு டிக் அடித்துவிட்டோம், இப்போது கம்பெனிக்காரர்கள் அதையே காட்டி நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற கவலை. அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் இதற்கே.

மேடம், எந்த ஆப்பைத் திறந்தாலும் 'ஐ அக்ரீ' கேட்கிறது, நானும் அழுத்திவிடுகிறேன். எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் வராது. வந்தாலும் அத்தனை பக்கத்தை யார் படிப்பது? நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் 'நான் படிக்கவே இல்லை' என்று சொன்னால் எடுபடுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

அதை மட்டும் சொன்னால் எடுபடாது. காகிதத்தில் இல்லை, கணினியில்தான் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆக, அந்தப் பட்டனை அழுத்துவதும் சம்மதம்தான். கையெழுத்துப் போட்ட நிபந்தனையை நீதிமன்றம் எவ்வளவு கறாராகப் பார்க்கும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒரு பின்னலாடை நிறுவனம் ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை, வியாபாரத்தில் பெரிய நஷ்டம். ஆனால் கூரியர் ரசீதில் 'எங்கள் பொறுப்பு 100 டாலர் வரைக்கும்தான்' என்று அச்சடித்திருந்தது, அதில் கையெழுத்தும் இருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்த 100 டாலரோடு நிறுத்திக்கொண்டது. கூரியர், சரக்கு அனுப்புகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எழுதியிருப்பதெல்லாம் வேதவாக்கா என்று பயந்துவிடாதீர்கள், ஏனென்றால் அதே உச்ச நீதிமன்றம் 2019-ல் வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறது. அது ஒரு அடுக்குமாடி வீட்டு வழக்கு. வாங்குபவர் பணம் கட்டத் தாமதித்தால் 18 சதவீத வட்டி, பில்டர் தன் கடமையில் தவறிப் பணத்தைத் திருப்பித் தரவேண்டி வந்தால் 9 சதவீதம் என்று ஒப்பந்தம். பில்டர் தயாரித்து நீட்டியதில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு வழி இல்லை. இப்படி ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த நிபந்தனையால் அவரைக் கட்டிப்போட முடியாது, இதைச் சேர்ப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பு வந்தது. நாம் டிக் அடிக்கும் ஆப் நிபந்தனைகளும் இதே மாதிரிதானே? 'இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், மீதிக்கு ஒப்புக்கொள்கிறேன்' என்று எந்த ஆப்பிடமாவது சொல்ல முடியுமா?

அப்புறம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று நேரடியாகவே விளக்குகிறது. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பது, நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாத அபராதம் போடுவது, கடனை முன்கூட்டியே அடைக்க விடாமல் தடுப்பது, நியாயமான காரணம் இல்லாமல் ஒருதலையாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது, உங்களைக் கேட்காமல் உங்களுக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை வேறொருவர் கையில் மாற்றிக் கொடுப்பது, பொதுவாகவே உங்களைக் கீழே தள்ளும் நிபந்தனையோ கட்டணமோ வைப்பது. எல்லாம் 2(46) பிரிவில் இருக்கிறது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும், பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'இந்த நிபந்தனை நியாயமற்றது, செல்லாது' என்று அறிவிக்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் அதைச் சட்டம் கொடுத்திருக்கிறது. சின்னத் தொகைக்காக நேராக அங்கே போவது எல்லோராலும் முடியாது, சட்டத்தில் இது ஒரு குறை என்றே நினைக்கிறேன். ஆனால் குறையுள்ள பொருள், சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று புகார் கொடுத்தால் உங்கள் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். எனவே மனு எழுதும்போது நிபந்தனையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல், அவர்கள் செய்த தவறு என்ன, உங்களுக்கு என்ன நஷ்டம் என்பதை முன்னால் வையுங்கள்.

அக்கா, ஒரு ஷாப்பிங் தளத்தில் 3,400 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கினேன். மூன்றாவது நாளே மோட்டார் புகைந்துவிட்டது. 'இதற்கு ரிட்டர்ன் பாலிசி கிடையாது' என்கிறார்கள். கேஸ் போடுவேன் என்றேன். 'பெங்களூரு நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம், அதுவும் ஆர்பிட்ரேஷன் வழியாகத்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்' என்று மெயில் வந்திருக்கிறது. இந்தப் பணத்துக்காக நான் பெங்களூருக்கு அலைய முடியுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

அலையவே வேண்டாம், ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுங்கள். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, பிரச்சினை எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. 2019 சட்டம் அதை மாற்றி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ கொடுக்கலாம் என்று 34-ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறது. ஆன்லைன் காலத்து நுகர்வோருக்குக் கிடைத்த பெரிய உரிமை இதுதான் என்பேன். நிபந்தனைப் பக்கத்தில் பெங்களூரு என்று எழுதியிருந்தாலும், குர்கான் என்று எழுதியிருந்தாலும், நாடாளுமன்றம் கொடுத்த உரிமையை ஒரு கம்பெனியின் வெப்சைட் பறித்துவிட முடியாது.

ஆர்பிட்ரேஷன் என்பது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்வது. இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு நடுவே அது சரிதான். 3,400 ரூபாய் மிக்ஸிக்கு நடுவரின் கட்டணமே அதைவிட அதிகமாகிவிடும். நுகர்வோருக்கான வழி கூடுதலாகத் தரப்பட்டது, ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருக்கிறது என்பதற்காக நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்க முடியாது என்று 2018 டிசம்பரில் எம்மார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இது தெரிந்தும் அந்த மெயிலை அனுப்புகிறார்கள் என்றால், நீங்கள் மிரண்டு விட்டுவிடுவீர்கள் என்ற கணக்குதான்.

இப்போது 'ரிட்டர்ன் பாலிசி கிடையாது' என்பதற்கு வருவோம். கலர் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் அந்த பாலிசி உங்களைக் கட்டுப்படுத்தும். பொருளே பழுது என்றால் கதை வேறு. பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திரும்ப வாங்க மாட்டேன் என்றோ பணம் தர மாட்டேன் என்றோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. சொன்ன தேதி தாண்டி வந்த பொருளுக்கும் இதே விதிதான், இயற்கைச் சீற்றம் போன்ற காரணம் இருந்தால் தவிர. நம் ஊர்க் கடைப் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடிக்கிறார்களே, அதற்கும் இந்தக் கதிதான். பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் கொண்டுபோனால் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு, 'கிரீவன்ஸ் ஆபீசர்' என்று பக்கத்தின் கடைசியில் போட்டிருப்பார்கள், எழுத்தில் புகார் அனுப்புவது. 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் பதில் போட வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டில் பேசியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், சாட் மறைந்துவிடும். 'நாங்கள் வெறும் தளம், விற்றது வேறொருவர்' என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். விற்பனையாளரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் தளம் காட்டியே ஆக வேண்டும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, புகாரில் விற்பனையாளர், தளம், மிக்ஸி தயாரித்த கம்பெனி மூவரையுமே எதிர்த்தரப்பாகச் சேருங்கள். யார் பொறுப்பு என்று அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும்.

1 ரூபாய் கட்டினால் ஏழு நாள் இலவசம் என்று ஒரு ஆங்கிலப் பயிற்சி ஆப் சொன்னது, கட்டினேன். பிடிக்காமல் இரண்டாம் நாளே ஆப்பை டெலீட் செய்துவிட்டேன். எட்டாம் நாள் அக்கவுண்டிலிருந்து 1,999 ரூபாய் போய்விட்டது. கேட்டால் 'ட்ரையல் முடிந்ததும் ஆண்டுச் சந்தா தானாகத் தொடரும் என்று நிபந்தனையில் இருக்கிறது' என்கிறார்கள். இது கொள்ளை இல்லையா மேடம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இந்த மாதிரிக் கடிதங்கள்தான் அதிகம் வந்திருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த 1 ரூபாய்க்கு நீங்கள் யூபிஐ பின் போட்டீர்கள் இல்லையா, அது 1 ரூபாய்க்காகப் போட்ட பின் நம்பர் இல்லை. ஆட்டோபே என்ற தொடர் அனுமதிக்குப் போட்ட பின் நம்பர். அந்தத் திரையிலேயே அதிகபட்சத் தொகை எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்தத் தேதிவரை என்று சின்னதாக வந்திருக்கும். இந்த அனுமதி இருப்பது ஆப்பில் இல்லை, உங்கள் வங்கிக் கணக்கில். ஆப்பை டெலீட் செய்தாலும், போனையே மாற்றினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

அதனால் இதைப் படிக்கும் எல்லோரும் இன்றைக்கே உங்கள் யூபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மறந்தே போன சந்தாக்கள் இருக்கலாம், வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். கம்பெனியின் தயவு தேவையே இல்லை. கார்டில் கொடுத்த அனுமதியை வங்கியின் ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ ரத்து செய்யலாம்.

ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அதிலிருந்து விலகிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். சாதாரணச் சந்தாவுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் தனியாக வேண்டும். உங்களுக்கு அந்த முன்தகவல் வந்ததா என்று எஸ்எம்எஸ், மெயில் எல்லாவற்றிலும் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம்.

இது வங்கி பக்கம். ஆப் கம்பெனி பக்கமும் விடக் கூடாது. 2023 நவம்பர் 30-ல் மத்திய அரசு 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. நாமாக யோசித்திருந்தால் எடுத்திருக்காத முடிவை எடுக்க வைக்கும்படி திரையை அமைக்கும் தந்திரங்கள் அவை, 13 வகை பட்டியலில் இருக்கின்றன. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் பட்டனை ஒளித்து வைப்பது, ரத்து செய்வதைச் சுற்றி வளைத்த வேலையாக்குவது இதெல்லாம் அதில் வரும். அதோடு, இலவசச் சந்தா தருகிறேன் என்று சொல்லிவிட்டு அதற்கே ஆட்டோ டெபிட் அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதும் அதே பொறிதான் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுவேதான். 1 ரூபாய் வாங்கினோம், அதனால் இலவசம் இல்லை என்று அவர்கள் வாதாடலாம், விளம்பரத்தில் 'ஏழு நாள் இலவசம்' என்று இருந்த ஸ்கிரீன்ஷாட் உங்களிடம் இருந்தால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். இதை எல்லாம் குறிப்பிட்டு 1,999 ரூபாயைத் திருப்பிக் கேட்டு மெயில் போடுங்கள், பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்களையும் கவனியுங்கள். இன்சூரன்ஸ், நன்கொடை என்று எதையாவது நுழைத்திருப்பார்கள். வாங்குவதற்கான சம்மதத்தை இப்படித் தானாக டிக் விழுந்த கட்டம் மூலம் பதிவு செய்யவே கூடாது என்று மின்வணிக விதிகளில் தனியாக இருக்கிறது.

என் 14 வயது மகன் என் போனில் கேம் விளையாடி ஏதேதோ வாங்கியிருக்கிறான். சின்னப் பையன் அழுத்திய 'ஐ அக்ரீ' செல்லுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது, 1903-ல் ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பிலிருந்து இதில் மாற்றமில்லை. ஆனால் போன் உங்களுடையது, கணக்கும் கார்டும் உங்களுடையது, அதனால் வாங்கியதே நீங்கள்தான் என்று கம்பெனி சொல்லும். அந்த வாதத்தில் இறங்குவதற்கு முன் ஆப் ஸ்டோரில் 'குழந்தை தெரியாமல் வாங்கியது' என்று ரீஃபண்ட் கோரிக்கை கொடுங்கள், உடனே கொடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சேமித்து வைத்திருக்கும் கார்டை இன்றே எடுத்துவிடுங்கள்.

தமிழில் பெரிதாக விளம்பரம் போடுகிறார்கள், கீழே எறும்பு சைஸில் ஆங்கிலத்தில் நிபந்தனை. பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியவில்லை. இதைக் கேட்க ஆளே இல்லையா?
– ஒரு வாசகர், மதுரை

இருக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்படி, விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியில்தான் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதே மாதிரி இருக்க வேண்டும். மேலே சொன்ன வாக்குறுதியைக் கீழே உள்ள குறிப்பு தலைகீழாக்கவும் கூடாது. நீங்கள் பார்த்த விளம்பரம் இதை எல்லாம் மீறுகிறது.

வெறும் ஏட்டுச்சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் ராபிடோ நிறுவனத்துக்கு இந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. '5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்' என்பது விளம்பரம். நிபந்தனையில் என்ன இருந்தது தெரியுமா? 50 ரூபாய் இல்லை, '50 வரை'. அதுவும் பணமாக இல்லை, ராபிடோ காயினாக. அந்தக் காயினையும் பைக் பயணத்துக்குத்தான் பயன்படுத்த முடியும், ஏழு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். ஆட்டோ வரவில்லை என்று காத்திருந்த ஆளுக்குப் பைக் கூப்பன்! சொன்ன 50 ரூபாய் கிடைக்காத வாடிக்கையாளர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிட்டது. நீங்கள் பார்த்த விளம்பரத்தை போட்டோ எடுத்து, எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று குறித்து 1915-க்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் எண் 88000 01915.

ரீஃபண்ட் கேட்டால் வாலட்டில்தான் போடுவோம், கூப்பனாகத்தான் தருவோம் என்கிறார்களே?
– ஒரு வாசகி, சேலம்

அக்கவுண்டில் போடச் சொல்லிக் கேளுங்கள். 2024 அக்டோபரில் ஓலா நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத்தான் சொன்னது. கூப்பன் வேண்டுமா, வங்கிக் கணக்கில் பணமாக வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும் என்று உத்தரவு. உங்கள் மெயிலில் அதைக் குறிப்பிடுங்கள்.

லோன் ஆப்பில் 20,000 கேட்டேன். பிராசஸிங் ஃபீஸ், அது இது என்று பிடித்துக்கொண்டு 16,500தான் வந்தது. எல்லாம் நான் ஒப்புக்கொண்ட நிபந்தனையாம். என் போனில் உள்ள நம்பர்களைப் பார்க்கவும் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது அம்மா.
– ஒரு வாசகர், விருதுநகர்

பயப்படாதீர்கள் தம்பி, இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் விதிகள் உங்கள் பக்கம்தான். கடன் தருவதற்கு முன் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத்தாளைத் தந்தாக வேண்டும், அதில் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று காட்ட வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. 3,500 ரூபாய் பிடித்ததற்கு அந்தத் தாளில் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாளே தரவில்லை என்றால் அதுவே உங்கள் புகார்.

வாங்கிய பிறகு வேண்டாம் என்று தோன்றினால், அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியேற ஒரு கால அவகாசம் கொடுத்தாக வேண்டும், குறைந்தது ஒரு நாளாவது. போனில் உள்ள நம்பர்கள், போட்டோக்கள், கால் பதிவுகள் ஆகியவற்றைக் கடன் ஆப் தொடவே கூடாது. நீங்கள் 'அலோ' அழுத்தியிருந்தாலும் அதை வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. போன் செட்டிங்ஸில் போய் அந்த அனுமதியை இப்போதே நிறுத்துங்கள். பின்னால் எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் இருக்கிறது என்று ஆப்பில் பாருங்கள், இருந்தால் அவர்களிடம் புகார், அப்புறம் ஆம்பட்ஸ்மன். எந்தப் பெயருமே இல்லை, சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு மிரட்டுகிறார்கள் என்றால் அது நிபந்தனைப் பிரச்சினை இல்லை, குற்றம். நேராக 1930 சைபர் குற்ற எண்ணுக்குப் பேசுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், தனியாக வைத்துக்கொண்டு அவதிப்படாதீர்கள்.

அமெரிக்காவில் ஒரு பெண் இறந்த வழக்கில், கணவர் டிவி ஆப் சந்தாவில் ஒப்புக்கொண்ட நிபந்தனையைக் காட்டி வழக்கே போட முடியாது என்றார்களாமே, உண்மையா?
– ஒரு வாசகர், சென்னை

உண்மைதான். புளோரிடாவில் டிஸ்னி வளாகத்தில் உள்ள உணவகத்தில் சாப்பிட்டு ஒவ்வாமையால் 2023-ல் அவர் இறந்துபோனார். கணவர் வழக்குப் போட்டபோது, 2019-ல் டிஸ்னி பிளஸ் இலவச ட்ரையலில் சேர்ந்தபோதே தகராறு எல்லாம் ஆர்பிட்ரேஷனுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டாரே என்று டிஸ்னி வாதிட்டது. ஊரே கொதித்த பிறகு 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தைக் கைவிட்டார்கள். படம் பார்க்க அழுத்திய ஒரு பட்டனை மனைவியின் மரணம் வரைக்கும் இழுக்கலாம் என்று ஒரு கம்பெனியின் வக்கீல்கள் நினைத்திருக்கிறார்கள், அதுதான் மனதை உலுக்குகிறது. அமெரிக்காவில் ஆர்பிட்ரேஷன் நிபந்தனைக்கு நீதிமன்றங்கள் தரும் மதிப்பு மிக அதிகம். நம் நுகர்வோர் ஆணையங்களில் அதற்கு அந்த வலு இல்லை, ஈரோடு வாசகிக்கு மேலே சொன்னதுதான்.

ஒப்புக்கொண்ட பிறகு நிபந்தனையை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றுகிறார்களே? 'அப்டேட் செய்துள்ளோம்' என்று ஒரு மெயில், அவ்வளவுதான்.
– ஒரு வாசகி, புதுச்சேரி

நீங்கள் பணம் கட்டி முடித்த பொருளுக்கு, வாங்கிய நாளில் என்ன நிபந்தனை இருந்ததோ அதைப் பிடித்து நிற்க வேண்டும். ஆனால் அன்றைக்கு என்ன இருந்தது என்று காட்ட உங்களிடம் ஆதாரம் வேண்டுமே! பெரிய தொகைக்கு வாங்கும்போது அந்தப் பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமித்துவையுங்கள். பெரிய கம்பெனிகளும் இதில் மாட்டியிருக்கின்றன. 2021-ல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொண்டால்தான் தொடரலாம் என்ற நிலையை உண்டாக்கியது. 'வேண்டுமானால் எடு, வேண்டாவிட்டால் விடு' என்ற இந்தப் போக்குக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது.

உங்கள் சொந்தத் தகவல்களைப் பொறுத்தவரை, 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வசதி தர வேண்டும், கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தோடு திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. தமிழில் கேட்கப்படும் நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று நானும் காத்திருக்கிறேன்.

சரி மேடம், அத்தனையையும் படிக்க முடியாது. எதை மட்டுமாவது படிக்கலாம், சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

உங்கள் பணம் எப்போது போகும், எப்படித் திரும்பி வரும் என்ற இரண்டையும் படியுங்கள். பக்கத்தைத் திறந்து தேடும் வசதியில் ரீஃபண்ட், கேன்சலேஷன், ஆட்டோ ரினியூவல், ட்ரையல் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தேடினால் அந்தந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். அந்தப் பத்தியை மட்டும் எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுத் தமிழில் பார்க்கலாம், சட்ட நுணுக்கம் சரியாக வராது, விஷயம் புரிந்துவிடும். கேன்சலேஷனில் ஒரு விதியை நினைவில் வையுங்கள்: அவர்கள் தாங்களாக ஆர்டரை ரத்து செய்தால் உங்களுக்கு எதுவும் தர மாட்டார்கள், நீங்கள் ரத்து செய்தால் மட்டும் கட்டணம் என்றால் அது மின்வணிக விதிகளுக்கு எதிரானது.

கேம், பாட்டு, மின்புத்தகம், சினிமா ஆகியவற்றில் மட்டும் லைசென்ஸ் என்ற சொல்லையும் தேடுங்கள். 'பை' (Buy) என்ற பட்டனை அழுத்திக் காசு கொடுத்திருந்தாலும், பார்க்கும் அனுமதியைத்தான் நீங்கள் வாங்கியிருப்பீர்கள், அவர்கள் கணக்கை மூடினால் அதுவும் போய்விடும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, இதைத் தெளிவாகச் சொல்லாமல் 'பை' என்று போடக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டிலும் வர வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வக்கீல் வேண்டுமா? செலவு எவ்வளவு ஆகும்?
– ஒரு வாசகி, திருச்சி

வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், கம்பெனி 'பார்க்கிறோம், பார்க்கிறோம்' என்று இழுத்தடிப்பதில் இந்தக் கெடு தாண்டிவிடக் கூடாது. நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்டும் விண்ணப்பிக்கலாம். பில், பணம் போன விவரம், குறைதீர் அலுவலருக்கு அனுப்பிய மெயில், அவர்களுடைய பதில், நிபந்தனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு பக்கத்துக்குள் நடந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள், கேட்காததை ஆணையம் தானாகக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.